எதிர்க்கடை ஷூ

அளவுக்காரர் என்றுதான் அவருக்குக் கடைத்தெருவில் பெயர். தன் செருப்புக்கடைக்குள் நுழைகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். "எட்டு. வலது கால் கொஞ்சம் பெரிசு" என்று அளந்து பார்க்காமலே சொல்லிவிடுவார். பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஷூவை மாட்டி, கயிறு கட்டி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "நடந்து பாருங்க" என்பார். கல்லாவுக்கு மேலே ஒரு பழைய காலண்டர் படம், பனி மூடிய மலை. தேதியெல்லாம் கிழிந்து போன பிறகும் படத்தை அவர் எறியவில்லை. அதன் உச்சியில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்ற ஆசையை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. மனைவிக்குத் தெரியாமலும் இல்லை.

மனைவி மகளிடம் சொன்னாள், மகள் தன் கணவரிடம் சொன்னாள். அந்த மாப்பிள்ளை பல் டாக்டர். லீவு கிடைத்தால் மலை ஏறப் போய்விடுவார். நாள் முழுக்க அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்கிறவர், தன் வாயைத் திறக்க மட்டும் ரொம்ப யோசிப்பார். "அந்தக் காலண்டர் மலைக்கு வழிகாட்டியோட ஒரு குழு போகுது மாமா. என் பேரோட உங்க பேரையும் குடுத்துட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாமனாருக்கு அவர்மேல் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. பெண் கேட்டு வந்த அன்று மாப்பிள்ளை வாசலில் கழற்றி வைத்த ஷூ, எதிர்க்கடையில் வாங்கியது. தையலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. செருப்புக்கடைக்காரர் வீட்டுக்கு எதிர்க்கடைச் சரக்கைப் போட்டுக்கொண்டு வருகிறவரை என்னவென்று சொல்வது? அளவுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் மறக்கவும் இல்லை.

மலைக்கென்று உசத்தியான ஷூ ஒன்றைத் தன் கடைக்கே வரவழைத்தார். அங்கேதான் புத்தி பிசகியது. "புதுசை அப்படியே போட்டுட்டு ஊருக்குப் போகாதீங்க, முதல்ல வீட்டுக்குள்ள போட்டுப் பழக்குங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னவர், தன் ஷூவைப் பெட்டியைவிட்டு எடுக்கவே இல்லை. அடியில் தூசி பட்டால் சரக்கு போயிற்று என்று பழகிப்போன கடைக்காரக் கை. மாடிப்படி ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்ததெல்லாம் பழைய கான்வாஸ் ஷூவில். ஊருக்குத்தான் உபதேசம்.

மலையில் இரண்டாம் நாளே இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டன. வழிகாட்டிப் பெண்ணிடம் ஒரு சட்டம் இருந்தது: சாயங்காலம் எல்லோரும் காலுறையைக் கழற்றிக் காலைக் காட்ட வேண்டும். சமையல்காரருக்கு ஒத்தாசை செய்யப் போகிறேன் என்று ஒரு நாள், தூங்கிவிட்டது மாதிரி ஒரு நாள் என அளவுக்காரர் நழுவினார். செருப்புக்கடைக்காரரையே ஷூ கடித்துவிட்டது என்றால் ஊர் சிரிக்காதா?

உச்சிக்கு முந்தைய முகாமில் மாட்டிக்கொண்டார். காலுறை ரத்தத்தோடு ஒட்டிக் கிடந்தது. வழிகாட்டிப் பெண் குனிந்து இரண்டு குதிகாலையும் திருப்பிப் பார்த்தாள்.

"கோச்சுக்காதீங்க ஐயா. இந்த ஷூவோட நாளைக்கு உங்களை மேல கூட்டிட்டுப் போக முடியாது."

அவர் தலையாட்டினார். நியாயம்தான். ஆனால் காலண்டர் படம் நினைவுக்கு வந்தது. இன்னொரு வருஷம் தள்ளினால் உச்சிவரை ஏற உடம்பு இடம் கொடுக்காது என்று அவருக்குத் தெரியும்.

அவள் போனதும் மாப்பிள்ளை வெந்நீரோடு கூடாரத்துக்குள் வந்து எதிரே மண்டியிட்டார்.

"காலைக் குடுங்க மாமா."

"ஐயோ, வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க போய் என் காலை..."

"நான் பல்லை மட்டும்தான் தொடணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

ஊரில் பாதிப் பேரின் காலைத் தொட்டவர் அளவுக்காரர். அவர் காலை யாரும் தொட்டதில்லை. கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை புண்ணைத் துடைத்து, மருந்து போட்டு, பதமாகக் கட்டினார். பிறகு தன் ஷூவைக் கழற்றி மாமனார் முன்னால் வைத்தார். ஒன்பதாம் நம்பர், மாமனார் காலைவிட ஒரு நம்பர் பெரிசு. நடந்து நடந்து மெத்தென்று ஆகியிருந்தது. தையல் எதிர்க்கடைத் தையல்.

"வீக்கத்துக்கும் கட்டுக்கும் உங்களுக்குச் சரியா இருக்கும்."

"அப்ப நீங்க?"

"நான் போன வருஷமே உச்சியைப் பாத்துட்டேன். சமையல்காரரோட இங்கயே இருக்கேன். நடந்து பாருங்க மாமா."

வழிகாட்டி அவரைப் பனியில் முன்னும் பின்னும் நடக்க வைத்துப் பார்த்தாள். "வலிச்சா மறைக்காம சொல்லணும்" என்று கறாராகச் சொல்லிச் சம்மதித்தாள்.

மறுநாள் அவர் உச்சியில் நின்றார். படத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த இடம், கடையில் ஷூ போட்டுப் பார்க்க விரித்திருக்கும் கம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மேகங்களெல்லாம் காலுக்குக் கீழே கிடந்தன. அவர் வெட்கமில்லாமல் அழுதார்.

"போன வருஷம் எங்க மாப்பிள்ளையும் இங்கதான் நின்னிருப்பாரு, இல்லையாம்மா?"

"இல்லையே ஐயா. அதோ கீழ தெரியுது பாருங்க, அந்தப் பாறை வரைக்கும்தான் வந்தாரு. காத்து விடல, திரும்பிட்டோம். அதுக்குத்தானே இந்த வருஷம் மறுபடி வந்தாரு."

அவர் பாறையைப் பார்த்தார். பிறகு காலில் இருந்த ஷூவைப் பார்த்தார். நன்றி என்ற வார்த்தையை நாள் தவறாமல் வாடிக்கையாளர்களிடம் சொன்னவர்தான். வீட்டு மனிதருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மனம் மட்டும் நிறைந்து வழிந்தது. இறங்கும் வழியெல்லாம் கால் வலித்தது. வலித்தபோதெல்லாம் மறைக்காமல் சொல்லி நின்று, கவனமாக இறங்கினார். கடன் வாங்கிய கால் அல்லவா.

முகாமில் சமையல்காரர்தான் முதலில் எதிர்ப்பட்டார். "உங்க மாப்பிள்ளை பொழுதுக்கும் கரண்டிக் காம்பை வச்சு உங்க புது ஷூவைத் தேச்சுக்கிட்டே இருந்தாரு. குதிகால் பக்கம் இப்ப பூ மாதிரி இருக்கு."

அளவுக்காரர் ஷூவைக் கழற்றினார், பனியைத் துடைத்தார், மாப்பிள்ளை முன்னால் ஒரு முழங்காலை ஊன்றினார்.

"காலைக் குடுங்க மாப்பிள்ளை."

"என்ன மாமா இது, எழுந்திரிங்க."

"எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்."

மாட்டினார். கயிறு கட்டினார். நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் அந்தப் பாறையைத் தாண்டிப் போயிட்டு வாங்க. நான் இங்க சமையல்காரரோட இருக்கேன்."

மாப்பிள்ளை எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வழக்கம்போல மூடிக்கொண்டார். அளவுக்காரர் அந்தத் தையலை விரலால் ஒரு தடவை தடவினார்.

"நல்ல ஷூ மாப்பிள்ளை" என்றார். "எதிர்க்கடைக்காரன் நல்ல சரக்குதான் விக்கிறான்."