கன்னிப் பதிவு வெளியீட்டு விழா

உலக இலக்கிய வரலாற்றில் மதுரங்குளி என்ற ஊருக்கு உரிய இடம் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிலைநாட்டப்படவிருந்தது. பிரதம அதிதியின் வேனுக்கு டயர் போனதால் அது ஐந்தேகாலுக்குத் தள்ளிப்போனது.

புதிதாக வந்த குறும்பதிவுத் தளமொன்றில் கவிஞர் உசனார் கணக்குத் திறந்திருந்தார். மற்றவர்கள் என்றால் கைபேசியை எடுத்து எதையாவது தட்டிவிட்டுப் போவார்கள். நான்கு கவிதைத் தொகுதிகளையும் மண்டபம் பிடித்து, பொன்னாடை போர்த்தி வெளியிட்ட மனிதருக்கு அப்படிக் கமுக்கமாகச் செய்ய மனம் ஒப்பவில்லை. அழைப்பிதழ் அடித்தார். முதற்பிரதி பெறுபவர் என்று வழக்கமாகப் போடும் இடத்தில், ‘முதல் விருப்பமிடுபவர்: முந்தல் இறால் பண்ணை உரிமையாளர் அல்ஹாஜ் ஜவ்பர்’ என்று போட்டார்.

ஆசை ஒன்றுதான். அந்த நான்கு தொகுதிகளையும் வாங்கியவர்கள் அத்தனை பேரும் சொந்தக்காரர்கள். முன்பின் தெரியாத ஒருவராவது தன் கவிதையை வாசிக்க வேண்டும். அதற்காக உப்பளத்துப் பெண்களைப் பற்றி எட்டு வரி எழுதி, மூன்று மாதமாகச் செதுக்கி வைத்திருந்தார்.

மேடையில் பதிவைக் கைபேசியில் தட்டிக்கொண்டே வந்த மகள் ஃபஹ்மியா பாதியில் நிமிர்ந்தாள்.

“வாப்பா, முந்நூறு எழுத்துத்தான் எடுக்குமாம். கூடிப் போச்சு. எதை வெட்ட?”

“தொடக்கத்து ஸலாத்த வெட்டேலாது.”

“உங்கட பட்டங்கள்? கவிமணி, காவியச்சுடர், சமாதான நீதவான்...”

“தந்த ஆக்கள் முன்வரிசையில இருக்காங்க மகள்.”

“பிரதம அதிதிட பேர்?”

உசனார் பிரதம அதிதியைப் பார்த்தார். பிரதம அதிதி உசனாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டும்.”

“ஜவ்பர் ஹாஜியார்?”

“தேத்தண்ணியோட குடுக்கிற ரோல்ஸ் எல்லாம் அவர்ட செலவு.”

பின்வரிசையிலிருந்து ஊரின் கிண்டல்காரர் இஸ்ஸதீன் மாஸ்டர் குரல் கொடுத்தார். “உசனார் நானா, பதிவு மஃரிபு தொழுகைக்கு முந்தி வருமா, இல்லாட்டி அடுத்த ஞாயிறு வரவா?”

சபை சிரித்தது. உசனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இனி வெட்ட ஒண்டுதான் மிச்சம் இருக்கு வாப்பா,” என்றாள் ஃபஹ்மியா மெதுவாக. “அது நல்லா வந்திருந்த.”

“வெட்டுங்க.”

வெட்டினாள். பதிவு ஏறியது. ஜவ்பர் ஹாஜியார் எழுந்து, பிஸ்மி சொல்லி, திரையிலிருந்த இதயக் குறியில் பெருவிரலை வைத்து அமுக்கினார். இதயம் சிவந்தது, கைதட்டல். உறுதிப்படுத்த இன்னொருமுறை அமுக்கினார். இதயம் வெளிறியது, அதற்கும் கைதட்டல். மூன்றாம் முறை அவர் கையை ஃபஹ்மியா பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு விருப்பங்கள் மழையாகக் கொட்டின. கட்டாரிலிருந்து, கனடாவிலிருந்து, கடைசியில் நோர்வேயிலிருந்து யாருக்குமே தெரியாத ஒருவர்: “அற்புதம் கவிஞரே!” உசனார் அதை ஒலிவாங்கியில் மூன்று தடவை வாசித்தார். இஸ்ஸதீன் மாஸ்டரே மேடையேறி அவரைக் கட்டித் தழுவினார். “நானா, நீங்க இனி எங்கட ஊருக்குள்ள அடங்க மாட்டீங்க!”

மஃரிபு பாங்கு சொல்லும்போது நூற்றுப்பதினான்கு விருப்பங்கள் விழுந்திருந்தன.

பதிவில் கவிதை இருக்கவில்லை. அது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.