ஒரு தட்டு தாமதம்

புது ஆள் வந்து சேர்ந்த அன்று, லாக்கர் ரூமில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று கை தட்டியது கேப்டன்தான். உள்ளங்கை சிவக்கத் தட்டினான். மனசுக்குள் அவனைத் தூக்கி வெளியே எறிந்து கதவையும் சாத்தியாகிவிட்டது. அது வேறு விஷயம்.

ஒன்பது வருஷமாக அந்தக் கூடைப்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிற பாயின்ட் கார்டும் அவன்தான். மற்ற நாலு பேரும் அவன் கையைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். இப்போது வயது முப்பத்து மூன்று. படியிறங்கும்போது முட்டி போடுகிற சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்கும். இந்த சீசனுக்கு வந்த புதுக் கோச், கையோடு இருபத்திரண்டு வயசில் ஒரு நட்சத்திரத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவனும் பாயின்ட் கார்டு. குட்டையான ஆள், கால் தரையில் பாவாது, இங்கே இருக்கிறானே என்று பார்த்தால் அங்கே இருப்பான். ரசிகர்கள் அவனுக்குக் குருவி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குருவியாம், குருவி. கழுகு, பருந்து என்று ஏதாவது வைத்திருந்தால்கூடத் தோற்பதில் ஒரு கௌரவம் இருந்திருக்கும். போயும் போயும் ஒரு குருவியிடமா இடத்தைப் பறிகொடுப்பது?

பறிபோகத்தான் செய்தது. முதலில் இறங்கும் ஐந்து பேரின் பட்டியலைக் கோச் சுவரில் ஒட்டியபோது கேப்டனின் பெயர் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதாவது பெஞ்சில். பெயர் மட்டும் கேப்டன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். காலில் டேப் சுற்றிவிடுகிறவர் இத்தனை வருஷமும் அவனைத்தான் முதலில் கூப்பிடுவார். இப்போது, "ஒரு நிமிஷம் சார், குருவிய முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார். வாசலில் நிற்கிற காவலாளி அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

குருவி கெட்டவனாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். திமிர் பிடித்தவனாக இருந்தால் வெறுக்க எவ்வளவு வசதி! அவனோ வாய்க்கு வாய் அண்ணா என்றான். பயிற்சிக்கு முதலில் வந்து கடைசியில் போனான். கேப்டனின் பழைய மேட்ச் வீடியோக்களை எல்லாம் பார்த்திருந்தான். வயிறு எரிகிறவனுக்கு எதிராளியின் நல்ல குணத்தைப்போல எண்ணெய் வேறெதுவும் கிடையாது.

பயிற்சியின் இரண்டாம் நாள் அவனே வந்து கேட்டான்.

"அண்ணா, உங்க மாப்பிள்ளைக்கு பந்து எப்படி குடுத்தா சரியா இருக்கும்? நீங்க குடுத்தா ஒண்ணுகூட விடமாட்டாராமே."

மாப்பிள்ளை என்றது அணியின் சென்டரை. ஆறடி ஒன்பது அங்குலம். வளையத்துக்குக் கீழே முதுகைக் காட்டி நின்று, எதிராளியை இடித்துத் தள்ளிவிட்டுச் சட்டென்று திரும்பிப் பந்தை வாங்கிப் போடுகிற ஆள். கேப்டனுக்கு முதலில் சிநேகிதன். பிறகு தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனவன். அவன் கையில் பசை தடவியிருக்கிறது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள்.

பசையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், அவன் அணிக்கு வந்த முதல் மாசமே கேப்டன் ஒன்றைக் கவனித்திருந்தான். திரும்பும்போது எல்லாருடைய கண்ணும் முதலில் பந்தைத் தேடும். இவன் கண் முதலில் வளையத்தைப் பார்க்கும், அப்புறம்தான் பந்துக்கு வரும். அரை நொடி. அந்த அரை நொடிக்குள் பந்து வந்தால் நெஞ்சில் பட்டு விழும். அதனால் கேப்டன் அவனுக்குக் கொடுக்கும்போது மட்டும் பந்தைத் தரையில் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டுக் கொடுத்தான். கை அப்படியே பழகிவிட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை. மாப்பிள்ளையிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆட்டத்தில் அதையே நினைத்துக் கெடுத்துக்கொள்வான் என்று முதலில் தோன்றியது. போகப் போக, தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருப்பது சுகமாகவும் இருந்தது.

இதைத்தான் குருவி கேட்டான். சொல்ல இரண்டு வரிகூட ஆகாது.

"அவனுக்கா? நல்லா வேகமா குடு," என்றான் கேப்டன். "திரும்பினவுடனே குடுத்துடு. வேகம்தான் அவனுக்குப் புடிக்கும்."

"தேங்க்ஸ்ணா," என்று குருவி துள்ளிக்கொண்டு போனான்.

அவன் சொன்னதைச் செய்கிறவன். வேகமாகத்தான் கொடுத்தான். பந்து மாப்பிள்ளையின் நெஞ்சில் பட்டது, தோளில் பட்டது, ஒரு முறை காதிலேயே பட்டு முதல் வரிசைக்காரர் மடியில் போய் விழுந்தது. மூன்று வாரத்தில் ஆறு மேட்ச், அதில் நாலு தோல்வி. குருவி இளைப்பாற உட்காரும் ஐந்து நிமிஷம் கேப்டன் இறங்குவான். அந்த ஐந்து நிமிஷமும் மாப்பிள்ளை கையில் பந்து வந்து ஒட்டும். அரங்கத்தில், "கேப்டன்! கேப்டன்!" என்று கூச்சல் எழும்பும். அந்தக் கூச்சலைக் கேட்டுக் கேப்டன் தலையைக் குனிந்துகொள்வான். அடக்கம் என்று பார்க்கிறவர்கள் நினைத்தார்கள். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

இன்னும் இரண்டு தோல்வி, கோச் தானாக வழிக்கு வருவார் என்று கணக்குப் போட்டிருந்தான். மாப்பிள்ளைக்கு என்ன, நாலு பந்து விழுந்தால் குடியா முழுகிவிடும்?

மாப்பிள்ளைக்குக் குடிதான் முழுகிக்கொண்டிருந்தது. ஆறாவது மேட்ச் முடிந்த மறுநாள் காலை அவன் கேப்டன் வீட்டு வாசலில் வந்து நின்றான். இரண்டு குடும்பமும் ஒரே கட்டடம். கேப்டன் நாலாவது மாடி, அவன் ஐந்தாவது.

"மச்சான், கார எடு. கண் டாக்டர்கிட்ட போகணும். யார்கிட்டயும் சொல்லாத."

"கண்ணுக்கு என்ன?"

"பந்து வர்றதே தெரியல மச்சான். திரும்பறேன், வந்து நெஞ்சுல அடிக்குது. கண்ணுல ஏதோ கோளாறு."

கேப்டன் காரை ஓட்டினான். முழுப் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவதுபோல இருந்தது. காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலி மாப்பிள்ளைக்குப் போதாமல் கிறீச்சிட்டது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன், பெரிய கையால் கேப்டனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நாளைக்கே குருவி அந்த ஒரு தட்டைப் போட ஆரம்பித்தால், அப்புறம் தன்னிடம் என்னதான் மிச்சம் என்று நினைத்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். மாப்பிள்ளை கடைசி வரியைப் படித்துவிட்டு, அதற்கும் கீழே அச்சகத்தின் பெயரையும் படித்தான்.

"இந்தக் கண்ணுக்கு நான் என்னங்க வைத்தியம் பண்றது?" என்று டாக்டர் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கண்ணில் கோளாறு என்றால் ஒரு கண்ணாடியோடு போயிருக்கும். கண் நன்றாக இருக்கிறது என்றால் கெட்டது வேறு என்னவோ அல்லவா?

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை கோச் கேப்டனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இதோ வந்தது நேரம் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

"நீங்க கேப்டன், அதனால முன்னாடியே சொல்லிடறேன்," என்றார் கோச். "சனிக்கிழமை மேட்ச்தான் உங்க மாப்பிள்ளைக்குக் கடைசி சான்ஸ். அதுலயும் பந்த விட்டார்னா வேற சென்டர் வரார். பேசி முடிச்சாச்சு."

"மாப்பிள்ளையவா? சார், நான் குடுத்தா புடிக்கிறானே?"

"நீங்க இறங்கறப்ப எதிர் டீமும் ரெண்டாவது வரிசை ஆளுங்களத்தான் விட்டிருப்பான். ஆட்டமே மெதுவா இருக்கும். குருவி வேகத்துக்கு இவரால ஈடு குடுக்க முடியல. குடுக்கறவன மாத்தறதுக்கா நான் அவனக் கூட்டிட்டு வந்தேன்? வாங்கத் தெரியாதவரத்தான் மாத்தணும்."

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனைப் பற்றிச் சொல்வார்கள். இவன் அறுத்தது அடுத்தவன் மூக்கை, அதுவும் தங்கை புருஷன் மூக்கை.

வீட்டுக்குத் திரும்பினால் தங்கை அவன் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். தேநீர் போடுகிற சாக்கு, அடுப்பே பற்றவைக்கவில்லை.

"அண்ணா, நீ கூடவே இருந்து பாக்கறே. அவருக்கு நெஜமாவே ஆட்டம் போயிடுச்சா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். காலைல எந்திரிச்சுப் பாத்தா ஆரஞ்சுப் பழத்த சுவத்துல எறிஞ்சு எறிஞ்சு புடிச்சுட்டு நிக்கறார். ஒண்ணுகூடக் கீழ விழல. அப்புறம் ஏன்டி அங்க மட்டும் விழுதுன்னு என்னைக் கேக்கறார். நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேப்டன் காலணியை மறுபடியும் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். முட்டி சத்தம் போட்டது அவன் காதில் விழவில்லை.

குருவி மைதானத்தில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். கேப்டன் நேரே போய், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். வளையம், அரை நொடி, ஒரு தட்டு. பந்தை வாங்கிச் செய்தும் காட்டினான்.

குருவி பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டான். "அன்னைக்கு வேகமா குடுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"உங்களுக்கு அப்பவே இது தெரியுமா?"

"தெரியும்."

குருவி இடுப்பிலிருந்த பந்தை எடுத்து அவனிடம் நீட்டினான். திட்டியிருந்தால் தேவலை. "சரிண்ணா, இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க," என்றான்.

சனிக்கிழமை பகல் மேட்ச். பெஞ்சில் உட்கார்ந்து கேப்டன் பார்த்தான். மாப்பிள்ளை எதிராளியை இடித்தான், திரும்பினான். குருவி தரையில் ஒரு தட்டு தட்டினான், கொடுத்தான். பந்து இரண்டு கைக்குள் போய் உட்கார்ந்தது. அரங்கம் எழுந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. தன் கையெழுத்தை இன்னொருவன் போடுவதைப் பார்க்கிறவனைப்போலக் கேப்டன் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை தப்பித்தான் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதைவிடப் பெரிதாக வயிறு எரிந்தது. இரண்டாம் பாதியில் குருவி அந்தத் தட்டை விட்டுவிட்டு, அதே அரை நொடியைப் பக்கவாட்டில் ஓர் எட்டு எடுத்து வைத்துக் கழித்துக் கொடுக்க ஆரம்பித்தான். எதிராளி ஒருவனும் அதில் ஏமாந்தான். ஏழு வருஷத்தில் கேப்டனுக்குத் தோன்றாதது அவனுக்கு இரண்டே நாளில் தோன்றிவிட்டது.

பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். லாக்கர் ரூமில் மாப்பிள்ளை குருவியைக் குழந்தையைப்போல அலாக்காகத் தூக்கினான்.

"என்னடா பண்ணே? சொல்லுடா, என்ன மாயம் பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல. இறக்கி விடுங்க முதல்ல!" குருவி மேலேயிருந்து சிரித்தான். "நீங்க திரும்பறப்ப முதல்ல வளையத்தப் பாக்கறீங்க, அப்புறம்தான் பந்து. அரை நொடி லேட்டா குடுத்தேன், அவ்வளவுதான். அண்ணாதான் வியாழக்கிழமை சொல்லிக் குடுத்தார்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது. மாப்பிள்ளை அவனைக் கீழே விட்டுவிட்டுக் கேப்டனிடம் வந்தான். சிரிப்பு இன்னும் போகவில்லை.

"நான் வளையத்தப் பாக்கறேனா மச்சான்? உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ வந்த மொத மாசத்துலேர்ந்து."

"ஏழு வருஷமா? ஏழு வருஷமா எனக்காகவா பாத்துப் பாத்துக் குடுத்தே?" கேப்டனின் தோளில் கையைப் போட்டான். போட்ட கை அங்கேயே நின்றது. "வியாழக்கிழமையா சொன்னே?"

"ஆமா," என்றான் கேப்டன்.

"நாம கண் டாக்டர்கிட்ட போனது அதுக்கு முந்தின வாரம் மச்சான்."

கை தோளிலிருந்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் போன் அடித்தது. தங்கைதான்.

"ஆமா, ஜெயிச்சாச்சு," என்றான் மாப்பிள்ளை, கேப்டனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணுகூட விடல. இல்ல, கண்ணெல்லாம் நல்லாதான் இருக்கு. என் பழக்கத்துல ஒரு சின்னத் தப்பு. உங்கண்ணன்தான் கண்டுபுடிச்சு அந்தப் பையனுக்குச் சொல்லிக் குடுத்தான். ஆமா, இங்கதான் இருக்கான். பேசு."

போன் கைக்கு வந்தது. "அண்ணா," என்று அவள் அந்தப் பக்கம் அழுதாள். "நீ மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருப்போம் நாங்க? நீ நல்லா இருக்கணும்ணா."

"சரி, சரி. அழாத," என்றான் கேப்டன்.

அவர்கள் பேசி முடிக்கும் வரை மாப்பிள்ளை நின்று போனை வாங்கிக்கொண்டான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"அவளுக்குத் தெரிய வேணாம். அவளுக்கு இருக்கறது ஒரே அண்ணன், இருந்துட்டுப் போ. எனக்கு நீ யாருன்னு நான் இனிமேதான் பாக்கணும்."

அப்புறம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான்.