ஆரணிக்கு முன்னே வீடு வந்த முப்பத்தெட்டு

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையொன்றில் இருக்கும் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு, ஆரணியின் கணிதப் புள்ளி ஆரணிக்கு முன்னே வந்து சேர்ந்தது. அது முப்பத்தெட்டு. வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், முழங்காலில் ஆரணிக்கு இருந்த அதே தழும்பு. கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் முப்பத்தெட்டு என்று இருந்தது. அழைப்புமணியை அடித்து, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, உள்ளே வந்து, ஆரணிக்கென்று மூடிவைத்திருந்த சோற்றையும் மீன் பொரியலையும் சாப்பிட்டு முடித்தது. உண்மையான ஆரணி அப்போது பாடசாலை வேனில், பாமன்கடைச் சந்தி நெரிசலில் மாட்டியிருந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது தாய் சிவமணி முப்பத்தெட்டை ஏசி முடித்திருந்தார். தொண்டையில் மிச்சமிருந்ததைக் கொண்டு மகளையும் ஏசினார். சாப்பாட்டில் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வருடம்தான் பாடசாலை, புள்ளிகளையெல்லாம் இணையத்தில் ஏற்றி, பெற்றோரின் கைபேசிக்கு உடனுக்குடன் அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பாடசாலையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பழைய மாணவர் சங்கம் சண்டைக்கு வரும். ஆசிரியர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். விஞ்ஞானம் படிப்பித்த ஸப்வான் சேருக்கு அது பெரிய விடுதலை. "முந்தி ஜும்ஆத் தொழுகைக்குப் போற நேரத்திலயும் ஃபோன்ல கோல் எடுப்பாங்க. இப்ப அதுல பாத்துக்கிறாங்க. எனக்கு நிம்மதி," என்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து எட்டாம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பித்த ஐறீன் டீச்சருக்கு அது கண்ணில் காட்டக்கூடாத சனியன். கடதாசி ரிப்போர்ட் இருந்த காலத்தில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தாய் தகப்பனை முன்னால் இருத்தி, புள்ளியின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, முதலில் பிள்ளையைப் பற்றிக் கதைப்பார். எதிலே கெட்டி, எதிலே திணறுகிறது, போன தவணைக்கு இந்தத் தவணை எவ்வளவு முன்னேற்றம் என்று எல்லாம் சொன்ன பிறகுதான் கையை எடுப்பார். "இந்த ஃபோனில நான் எங்க கையை வைக்கிறது?" என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். பயிற்சி கொடுக்க வந்த கம்பனிப் பையன், அந்த வசதி அடுத்த பதிப்பில் வரக்கூடும் என்றான்.

ஒரு மாதத்துக்குள் ஊரெல்லாம் புள்ளிகள் நடமாடத் தொடங்கின. கிருலப்பனையில் ஓர் ஐம்பத்தைந்து, பிள்ளையின் பிறந்தநாள் கேக்கைத் தானே வெட்டியது. வத்தளையில் ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளின் எல்லாப் பாடங்களும் ஒரே பின்னேரம் வந்திறங்க, தகப்பன் அயல்வீட்டில் கதிரை இரவல் வாங்கினார். அடுத்த புள்ளி வரும்வரை முந்தியது வீட்டை விட்டுப் போகாது என்பதையும் சனங்கள் பழகிக்கொண்டார்கள். புள்ளிகள் நடந்து வருவதைப் பற்றி எந்தப் பெற்றோரும் முறைப்பாடு செய்யவில்லை. குறைந்த புள்ளிகள் வருகின்றன என்பதுதான் முறைப்பாடு.

சிவமணியின் முறைப்பாடுகள் விடியற்காலையிலேயே அதே கைபேசி ஏற்பாட்டில் வரத் தொடங்கும். என்ர மகளுக்கு முப்பத்தெட்டு வர வழியில்லை, எங்கட பரம்பரையிலேயே இல்லை, நீங்கள் என்ன படிப்பிக்கிறியள் என்று எழுதுவார். ஐறீன் டீச்சர் பதில் எழுதப் பார்த்தால் திரையில் வரும் பதில் பெட்டி சொந்தச் சொல்லை ஏற்காது. 'மேலும் முயற்சி தேவை', 'நன்று', 'கவனம் போதாது' என்று ஆயத்தமாக இருந்த வசனங்களில் ஒன்றைத்தான் தொட்டு அனுப்பலாம். இன்னும் கடதாசி ரிப்போர்ட் இருந்த முதல் தவணையில் ஆரணி எடுத்தது பத்தொன்பது. அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு டீச்சர் தகப்பன் பாலசுந்தரத்திடம் விளக்கியிருந்தார். அவர் வீட்டுக்குப் போய் "பரவாயில்லையாம்" என்று மனைவியிடம் ஒரே சொல்லில் முடித்துவிட்டார், சண்டைக்குப் பயந்த மனிதர். ஆகவே பத்தொன்பது முப்பத்தெட்டாக ஏறியது சிவமணிக்குத் தெரியாது. அந்த முப்பத்தெட்டை டீச்சர் மனம் குளிர்ந்துதான் ஏற்றியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை சிவமணி முப்பத்தெட்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பாடசாலைக்கே வந்து, ஆசிரியர் அறைக்குள் தள்ளிவிட்டார்.

"உங்கட சாமானை நீங்களே வைச்சிருங்கோ."

"இது உங்கட மகளிட உழைப்பு, மிஸிஸ் பாலசுந்தரம். போன முறை பத்தொன்பது," என்றார் ஐறீன் டீச்சர். "இதோட கதைக்காதீங்க. பிள்ளையோட கதைங்க."

"அந்தப் பத்தொன்பதையும் நீங்கள்தானே போட்டது. அவவில உங்களுக்கு என்ன பகை?"

ஸப்வான் சேர் எழும்பி முப்பத்தெட்டுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அது குடித்துவிட்டு, சிவமணி வீடு போய்ச் சேருமுன் திரும்பிப் போய் அவருடைய கட்டிலிலேயே படுத்திருந்தது.

பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்றப் போவதாகச் சிவமணி சொன்னதும் அதிபருக்கு வியர்த்தது. புள்ளியைக் கொஞ்சம் சரிப்படுத்துமாறு ஐறீன் டீச்சரிடம் கேட்டார். டீச்சர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றார். அலுவலகத்தில் யாரோ அதைத் தொண்ணூற்றொன்றாக்கினார்கள். யாரென்று எனக்குத் தெரியும், இன்றைக்கும் காலி வீதியில் கண்டால் நான் அந்த ஆளுடன் கதைப்பதில்லை. தொண்ணூற்றொன்று அன்று பின்னேரமே வந்தது. முப்பத்தெட்டு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனது.

தொண்ணூற்றொன்றின் பின்னலில் ஒரு மயிர் பிசகாது. கொஞ்சமாகச் சாப்பிடும், கேட்காமலே கொப்பியை எடுத்து மேசையில் உட்காரும், எதிர்த்துக் கதைக்காது. சிவமணி அதை வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும், கல்யாண வீடுகளுக்கும் கூட்டிப்போனார். பாலசுந்தரம் கொள்ளுப்பிட்டியிலிருந்த தன் அலுவலகத்துக்கு ஒருநாள் அழைத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார். ஆரணியின் கட்டில் அதற்குப் போனது. ஆரணி ஹோலில் பாய் விரித்தாள். பிறகு சாப்பாட்டு மேசையில் அவளுடைய கதிரையும் போனது. எப்படியாவது தாயைத் தன் பக்கம் பார்க்கவைத்துவிடலாம் என்று அவள் இருந்த கணக்கையெல்லாம் செய்து செய்து காட்டினாள். "அவ படிக்கிறா, சத்தம் போடாதேயும்," என்று சிவமணி அவளை அப்பால் போகச் சொன்னார். யாரோ வீட்டுப் பிள்ளையை விலக்குகிற குரல் அது. கேட்டுக்கொண்டிருந்த பாலசுந்தரம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

மூன்றாம் தவணை தொடங்கிய கிழமையில் ஆரணி வேனால் இறங்கி வந்து மணியை அடித்தாள். சிவமணி உட்கதவைத் திறந்து, இரும்புக் கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் பிள்ளை தாங்கியிருப்பாள்.

"ஆரைத் தேடுறீர் அம்மா?"

"அம்மா, நான் ஆரணி."

"ஆரணி உள்ளுக்கப் படிச்சுக்கொண்டிருக்கிறா. நீர் எந்த வீட்டுப் பிள்ளை? மாடி மாறி ஏறிட்டீர் போல."

அவள் பாடசாலைக்கே நடந்து திரும்பினாள். பயிற்சிக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்த ஐறீன் டீச்சர் அவளைத் தன்னுடன் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துப்போனார். போனவுடன் சிவமணிக்குக் கோல் எடுத்து, உங்கட மகள் என்னட்ட இருக்கிறா, வந்து கூட்டிப்போங்க என்றார். என்ர மகள் எனக்கு முன்னால இருக்கிறா, முறைப்பாடு ஏதும் இருந்தால் அந்தப் பெட்டியில போடுங்கோ என்று சிவமணி தொடர்பைத் துண்டித்தார். டீச்சர் அதில் போடத்தான் பார்த்தார். அம்மா கதவைத் திறக்கவில்லை என்று சொல்ல ஆயத்த வசனம் எதுவும் இருக்கவில்லை. பாலசுந்தரம் ஒரு முறை கொட்டாஞ்சேனை வரை வந்து, வாசலுக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டு, காசு கொஞ்சம் கேற்றில் செருகிவிட்டுத் திரும்பினார். அவருக்கு ஏற்ற சொல் என்னிடம் இருக்கிறது, அச்சில் போட முடியாது.

கட்டுப்பாட்டுக்கு அமையவில்லை என்று பாடசாலை ஐறீன் டீச்சரை அந்த வருட முடிவில் வீட்டுக்கு அனுப்பியது. அவர் முன்னறையில் ரியூஷன் கொடுத்தார். ஆரணி கொட்டாஞ்சேனையில், இன்னும் கடதாசி ரிப்போர்ட் கொடுத்த ஒரு பாடசாலையில் சேர்ந்தாள். முதல் வருடம் ஒவ்வொரு ஞாயிறும் தாயின் இலக்கத்துக்குக் கோல் எடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு சி சித்தி எடுத்தபோது ஐறீன் டீச்சர் ஒழுங்கை முழுக்கக் கேக் கொடுத்தார். மூன்றாம் மாடியில் தொண்ணூற்றொன்று வளரவில்லை. சிவமணி வருடாவருடம் தைமாதத்தில் அதே அளவில் புதுச் சீருடை தைப்பித்தார். அக்கம்பக்கத்தார் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுடைய வீட்டிலும் ஓர் எழுபதோ எண்பதோ இருந்தது.

உயர்தரம் முடித்த ஆரணி வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இந்த வருடம், பாடசாலைகள் தொடங்கும் தைமாத நெரிசலில் சிவமணி அங்கே வந்து, எட்டாம் ஆண்டுக் கணிதப் பயிற்சிப் புத்தகமும் கொப்பிகளும் கேட்டார். தலை நரைத்திருந்தது. அந்தக் கடையில் கொப்பிகளுக்கு உறை போட்டு, பெயர் எழுதி ஒட்டிக் கொடுப்பார்கள். ஆரணி ஒவ்வொன்றாக உறை போட்டாள்.

"பெயர் என்ன போட, அன்ரி?"

"பா. ஆரணி. தரம் எட்டு எண்டு போடும். கணக்கில வலு கெட்டிக்காரி."

ஆரணி எழுதினாள். எல்லாக் கொப்பியிலும் ஒரே அளவாக, அடித்தல் இல்லாமல் எழுதி ஒட்டி, பையில் போட்டுக் கொடுத்தாள். சிவமணி ஒன்றை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"உம்மட எழுத்து வடிவாயிருக்கு பிள்ளை. அம்மா சந்தோசப்படுவா என்ன?"

"ஓம் அன்ரி," என்றாள் ஆரணி. சிவமணி பையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்து நின்றவர் நீலப் பேனை ஒன்று கேட்டார்.