சக்கரத்தை இழுத்த பதினோரு பேர்

அசையாமல் நிற்கிறது அந்தச் சக்கரம், பாதி தரையில் வெட்டிய குழிக்குள், பாதி இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, வளைவுச் சன்னலின் வெயில் அதன் இரும்பு விளிம்பில் உறைந்து கிடக்கிறது, நான் பம்பு ஹவுஸ் வாசலில் நிற்கிறேன், உள்ளே காலெடுத்து வைத்ததில்லை, பளிங்குபோல் தேய்த்த தரையில் கரித்தடம் விழுமாம், ஏழு வருஷமாய் பாய்லருக்குக் கரி சுமக்கிறோம், பெண்கள் பதினோரு பேர், எங்கள் கரியில் நீராவி கிளம்பி, அந்த நீராவியில் ஆற்றுத் தண்ணீர் மேட்டுத் தொட்டிக்கு ஏறி, ஊருக்கெல்லாம் குழாயில் இறங்குகிறது, எங்கள் தெருவுக்கு மட்டும் இறங்கவில்லை, நாங்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தோம், கேட்டபோதெல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் ஓவர்சியர்.

அன்று தேர், பம்பு ஹவுஸ் ஆண்களெல்லாம் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள், எங்கள் தெரு ஆள் அந்த வடத்தைத் தொடக்கூடாது, அதனால் நாங்கள் கரியோடு இருந்தோம், எண்ணெய் விட எஞ்சினை நிறுத்திய டிரைவர் கலியமூர்த்தி, தேர் முக்குத் திரும்பும் கொட்டுச் சத்தம் கேட்டு அவசரப்பட்டுவிட்டார், சக்கரத்தைத் தள்ளும் தண்டு சாய்வாக நிற்கும்போதுதான் நிறுத்தவேண்டும், நேர்கோட்டில் நின்றுவிட்டால் எத்தனை நீராவி விட்டாலும் தண்டு முட்டுமே தவிரச் சக்கரம் சுற்றாது, கயிறு போட்டுப் பத்துப் பேர் இழுக்கவேண்டும், அது நேர்கோட்டில்தான் நின்றது, ஓவர்சியர் தலைப்பாகை அவிழ ஓடிவருகிறார், தொட்டி காலிய்யா, ஊர் முழுக்க வெளியூர் ஜனம், ஆளுங்களைக் கூப்பிடு, கூப்பிட்டா தேர் நடுத்தெருவுல நின்னுடும் சார் என்கிறார் டிரைவர், நாங்க இழுக்குறோம் என்று காத்தாயி அக்கா கூடையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள், ஓவர்சியர் எங்கள் காலைப் பார்த்தார், தண்ணி வந்தா கழுவிக்கலாங்க என்றாள் அக்கா, எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, சரி வாங்க என்றார் ஓவர்சியர், வரோம், ஆனா பெரிய கொழாய் எங்க தெரு ஓரமாத்தான் போவுது, அதுல ஒரு வாய் வெட்டித் தரேன்னு எழுதுங்க, முதல்ல இழுங்கம்மா, முதல்ல எழுதுங்க, ஓவர்சியர் எழுதிக் கையெழுத்துப் போட்டார், டிரைவர் உரக்கப் படித்தார், அக்கா தாளை இடுப்பில் செருகினாள்.

சக்கரத்தைச் சுற்றிய கயிறு என் கையில் இருக்கிறது, தேர் வடம் இப்படித்தான் உள்ளங்கையை அறுக்குமோ, இழுங்கடி, சோறு திங்கலியா, என்று அக்கா கத்துகிறாள், அந்தப் பளபளத்த தரையில் செருப்புப் போட்ட டிரைவர் வழுக்குகிறார், கரி அப்பிய எங்கள் பாதம் கவ்வி நிற்கிறது, ஒரு சாண், இன்னொரு சாண், விடுங்க என்று அலறி டிரைவர் நீராவியைத் திறக்கிறார், கயிறு பாம்பாய்ச் சீறி உருவிக்கொண்டு போகிறது, இரும்புத் தூண்கள் அதிர, பம்பு ஒருமுறை முக்கி, மூச்சு விட்டு, இழுக்கத் தொடங்குகிறது, யாரோ குலவையிட்டார்கள், நானாகத்தான் இருக்கும்.

பதினேழாம் நாள் குழாய் வந்தது, அல்லது இன்றுதான் வருகிறது, தூக்கத்திலும் திறக்கிறேன், முதலில் காற்று, பிறகு துரு, பிறகு தண்ணீர், ஏந்திய குடம் கையில் அதிர்கிறது, வெயில் ஆரக்கால்களில் சிதறிப் பறக்க அந்தச் சக்கரம் சுற்றுகிறது, எங்கள் தெருவுக்குள்ளேயே சுற்றுகிறது.