ஜெபமாலை ஓட்டம்

தம்பி இன்னாசியின் வலது காலில் வெள்ளைக் காலுறையை ஏற்றிக்கொண்டிருந்த ஞானமணி பாதியில் நிறுத்தினாள். பெருவிரல் நகம் கறுத்துக் கன்றியிருந்தது.

"பாத்தியா ஷர்லி? ஓடி ஓடி நகமே செத்துப்போச்சு. அப்பவே யாராச்சும் போதும்யான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அந்த யாராச்சும் யாரென்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஷர்லி கணவனின் இடது காலுக்கு உரிய காலுறையை எடுத்து, சுருக்கம் விழாமல் மாட்டிவிட்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஓட்டம் கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த இன்னாசி எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். "ஓடினதாலயா சார்?" என்று ஷர்லி கேட்டாள். "அத எப்படிம்மா சொல்றது?" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதில்தான் இரவு முழுக்க அவளோடு உட்கார்ந்திருந்தது. ஏனென்றால் ஓட அனுப்பியவள் அவள்.

விராலிமலைக்கும் புதுக்கோட்டைக்குமாக வருஷக்கணக்கில் பஸ் ஓட்டித் தொந்தி வைத்த உடம்பு. சர்க்கரை ஏறியதும் நடக்கச் சொன்னார்கள். நடை போதாதென்று, கீழ ராஜ வீதியில் ஷூ வாங்கிக் கொடுத்து, "கொஞ்சம் ஓடித்தான் பாருங்களேன்" என்றாள். முதல் நாள் மாதா கோயிலடியில் கிளம்பியவர் ரேஷன் கடையைத் தாண்டவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்கூட்டியில் கூடவே வந்தவள் கேட்டாள்: "என்னங்க, டவுன் பஸ்ஸா? எல்லா ஸ்டாப்புலயும் நிக்கிறீங்க?"

"இருடி, இடைநில்லா வண்டியா ஆகிக் காட்டுறேன்."

எடுத்ததும் வேகமாக ஓடியதுதான் தப்பு. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று டிப்போவில் யாரோ சொல்லியிருந்தார்கள். என்னத்தைப் பேசுவது? கல்யாணமான இத்தனை வருஷத்தில் பேசவேண்டியதெல்லாம் பேசி முடிந்திருந்தது. அதனால் ஜெபமாலை சொன்னார். ஒவ்வொரு மணிக்கும் உரிய மந்திரத்தின் முன்பாதியை அவர் ஓடிக்கொண்டே சொல்வார். பின்பாதியை ஷர்லி ஸ்கூட்டியிலிருந்தபடி சொல்வாள். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அதுதான் கணக்கு. முதலில் பத்து மணி உருள்வதற்குள் நடந்துவிடுவார். பிறகு ஒரு பத்து, நிற்காமல். கண்மாய் மடைவரைக்கும் இரண்டு பத்து. ஆசைப்பட்டு ஒரேயடியாகக் கூட்டமாட்டார். ஒரு தூரம் உடம்புக்குப் பழகினால்தான் அடுத்தது. அறுப்பு முடிந்த சமயத்தில், ஜெபமாலையின் ஐந்து பத்தில் நான்கு ஆகியிருந்தது.

ஊர் சிரித்தது. ஞானமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "மாதாவ என்ன மாட்டுவண்டியிலயா பூட்டியிருக்கீக? இரைக்க இரைக்கச் சொல்றதுக்குப் பேரு ஜெபமா?" என்று வாசலில் வந்து நின்று சத்தம் போட்டாள்.

இப்போது சவப்பெட்டியை மூடுவதற்கு முன் கடைசி ஜெபமாலை. அந்த ஊரில் எந்தச் சாவுக்கும் முன்பாதி ஞானமணிதான். இன்று அவள் முதல் பத்தை விரட்டிக்கொண்டு போனாள். வார்த்தைமேல் வார்த்தை ஏறி விழுந்தது. இரண்டாம் பத்தின் நடுவில் மூச்சு முட்டி நின்றுவிட்டாள். விரலில் மணி இருந்தது, வாயும் திறந்திருந்தது, குரல் மட்டும் வரவில்லை.

விட்ட இடத்திலிருந்து ஷர்லி எடுத்தாள்.

புருஷனைப் பறிகொடுத்தவள் முன்சொல்வது அங்கே வழக்கமில்லை. அவளுக்கு வாயில் பழகியதும் பின்பாதிதான். முன்பாதி அவர் குரலாகவே காதில் இருந்தது, அப்படியே வந்தது. நாலு வார்த்தை, ஒரு மூச்சு, மறுபடி நாலு வார்த்தை. பின்பாதி சொன்ன கூட்டம் முதலில் அவளை முந்திக்கொண்டு ஓடியது. பிறகு அடங்கி, அவள் போக்கிற்கு வந்து சேர்ந்தது.

மூன்றாம் பத்து முடிந்தது. ஞானமணி அவள் பக்கம் சாய்ந்தாள்.

"இப்படியா சொல்லுவான்?"

"ஆமா மதினி."

"இரைக்காமயா?"

"இரைச்சா நடந்துருவாக."

ஞானமணி தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசியா ஓடுனப்ப?"

"சனிக்கிழம அஞ்சு பத்தும் முழுசாச் சொன்னாக. நிக்கவே இல்ல. முடிச்சிட்டு, 'அக்காகிட்டச் சொல்லிறாத, மறுபடி சண்டைக்கு வந்துரும்'னு சிரிச்சாக."

ஞானமணியின் தோள் ஒருமுறை குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

வேன்காரர் வாசலில் தலையை நீட்டினார். "கோயில்ல சாமியாரு காத்துக்கிட்டிருக்காராம். தூக்கிறலாமா?"

நாலு பேர் பெட்டி மூடியைக் கையில் எடுத்தார்கள்.

ஞானமணி திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினாள். "இருங்கய்யா. இடையில நிப்பாட்டக் கூடாது. இன்னும் ரெண்டு பத்து கெடக்கு." பிறகு கையிலிருந்த ஜெபமாலையை ஷர்லியின் மடியில் வைத்தாள். "நீ சொல்லு. மெதுவாவே சொல்லு."

அவர்கள் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் தன் கால் செருப்பைக் கவனித்து, கழற்றி, சத்தம் வராமல் வாசல் பக்கம் தள்ளினார்.