சின்னச் சுருட்டு தீரும் நேரம்

“சிகரெட் இல்ல, சின்னச் சுருட்டு” என்று திருத்திக்கொண்டே, இறந்து கிடந்த கணவரின் சட்டைப் பொத்தான்களைப் போட்டாள் அவள். கழுத்துப் பொத்தான் மட்டும் ஓட்டைக்குள் போக மறுத்தது.

கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “பீடியோ சிகரெட்டோ சுருட்டோ, எல்லாம் ஒரே விஷம்தானே அண்ணி? நான் கேக்குறது அது இல்ல. ஒரு சிகரெட் பிடிக்க மொட்டைமாடிக்குப் போன மனுஷன் இவ்வளவு நேரமா வரலையேன்னு...”

“சின்னச் சுருட்டு” என்றாள் மறுபடியும்.

காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் பேசுகிற பேச்சா இது என்று பக்கத்து வீட்டுக்காரி முகத்தைச் சுளித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளுக்கோ அந்த ஒரு சொல்லை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

பஸ் ஓட்டிய காலமெல்லாம் அவருக்குச் சிகரெட்தான். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் நாலு இழுப்பு. மிச்சத்தை மிதித்துவிட்டு ஓட்டம். ஓய்வு பெற்றதும் சின்னச் சுருட்டுக்கு மாறினார். பார்க்கச் சிகரெட் நீளம்தான். ஆனால் மேலே காகிதம் கிடையாது, புகையிலையே சுற்றியிருக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு விடுவார். “இனிமே எனக்கு யாரு விசில் அடிக்கப் போறா?” என்று சிரிப்பார். அவளுக்கு அதில் கோபம். வேலையெல்லாம் முடித்து வீட்டோடு இருக்க வந்தவரும் மாடிக்கே போய்விட்டால், அவள் யாரோடு பேசுவது?

பிறகு பழகிவிட்டது. ஒரு சிகரெட் தீருவதற்குள் பால் பொங்கும். சின்னச் சுருட்டு தீருவதற்குள் பால் பொங்கி, டீ போட்டு, அதன்மேல் ஆடையும் படிந்துவிடும். நேற்றும் ஆடை படியும்வரை சமையலறையிலேயே நின்றாள். அதன் பிறகுதான் படியேறினாள். ‘கொஞ்சம் முன்னாடியே பாத்திருக்கலாம்’ என்று டாக்டர் சொன்னது யாரையும் குற்றம் சொல்ல அல்ல. ஆனாலும் சொன்னார்.

கூட்டம் சேர்ந்ததும், மேலே கிடந்த நாற்காலிகளை எடுத்துவரக் கொழுந்தன் போனான். திரும்பி வந்தவன் எதையோ அவள் கையில் வைத்தான். “தண்ணித்தொட்டி ஓரமா கிடந்துச்சு அண்ணி. அண்ணனோடதுதானே?”

அவன் நாற்காலிகளைப் பிரித்துப் போடப் போய்விட்டான். அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். நுனி மட்டும் கருகியிருந்தது, மிச்சம் முழுசாக இருந்தது. கீழே விழுந்த சிகரெட் தானாக எரிந்து தீர்ந்துவிடும். சுருட்டு அப்படியில்லை, இழுக்க ஆள் இல்லையென்றால் அணைந்துவிடும். இதில் இரண்டு இழுப்புக்கு மேல் போயிருக்காது. அப்படியென்றால் பால் பொங்கும்போதே விழுந்து கிடந்திருக்கிறார். அவள் டீயைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க, மேலே அவர் தனியாக.

வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த மகள், அப்பாவின் காலடியில் அழுதுவிட்டு அவளருகே வந்து உட்கார்ந்தாள்.

“சுருட்டு பிடிக்கப் போன இடத்துலன்னு சித்தப்பா சொன்னாரும்மா. கடைசியா அதையாவது நிம்மதியா பிடிச்சு முடிச்சாரா?”

அவள் வலது கை விரல்களை மடக்கினாள். உள்ளே புகையிலை நொறுங்கியது.

“முடிச்சிட்டாரு” என்றாள். “முழுசா.”

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். வாசலில் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். துக்கம் கேட்டுக் கைநீட்டியவர்களுக்கெல்லாம் அவள் இடது கையையே கொடுத்தாள்.