வானவில்லை நம்பிப் பரப்பிய நெல்

என் வீட்டுக்காரர் ஐசக் வானவில்லைப் பார்த்தால் குடையை மடக்கிவிடுவார். வெள்ளத்தால் இனி உலகத்தை அழிப்பதில்லை என்று கடவுள் கொடுத்த வாக்குக்கு அதுதான் அடையாளம், அதற்குப் பிறகு குடை எதற்கு என்பார். நனைந்த சட்டையைத் துவைக்கிறவள் நான்தானே!

எழுபத்தெட்டில் சொர்ணவாரிப் போகத்து அறுவடை முடிந்து, உத்திரமேரூர்க் களத்தில் எங்கள் நெல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. முந்தின இரண்டு போகமும் பொய்த்திருந்தன. நச்சரித்து நச்சரித்து அவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். இந்த நெல்லும் வீணானால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போய்விடுவது. அங்கே அச்சாபீஸில் அவருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான் என் அண்ணன். எனக்கு மெட்ராஸ் என்றால் உயிர்.

அன்று சாயங்காலம் தூறல் விட்டு, கிழக்கே வானவில் தெரிந்தது. இவர் ஓடிப்போய் தார்ப்பாயை உருவி, நெல்லைப் பரப்ப ஆரம்பித்தார்.

பக்கத்துக் களத்துப் பஞ்சாட்சரம் கத்தினார். "யோவ் ஐசக்கு, மேக்கால கருத்துக்கினு வருது, மூடுய்யா!"

"வானவில்லு வந்துகீது பாருங்க," என்றார் இவர்.

கொஞ்ச நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. நெல் சொதசொதவென்று ஊறிப்போனது. வாயில் வந்தபடி திட்டினேன்.

"உங்க சாமி வாக்கு இன்னா ஆச்சி?"

"உலகத்த அழிக்க மாட்டேன்னுதான் சொன்னாரு. நம்ம நெல்ல நனைக்க மாட்டேன்னு எப்ப சொன்னாரு?"

சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவர் வீட்டுக்குப் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், டிரங்குப் பெட்டியை இறக்கி என் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"மெட்ராஸுக்குத்தான். வாக்கு குட்த்தேனே." கண் சிவந்திருந்தது. "ஆண்டவரு சொன்ன சொல்ல காப்பாத்திக்கினு வராரு. நான் மட்டும் மாத்திப் பேசலாமா?"

எத்தனை நாள் கேட்டது! கைக்குக் கிடைத்தும் சந்தோஷம் வரவில்லை. நெல் நனைந்தும் நம்பிக்கை நனையாத இந்த மனிதரை அச்சாபீஸில் அடைத்து நான் என்ன சுகப்படப்போகிறேன்?

"அத வெச்சிட்டு பெரிய அண்டாவ எடுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"நெல்லு வீணாப் போனாத்தான மெட்ராஸு? முளைக்கிறதுக்கு முன்னாடி அவிச்சிட்டா புழுங்கலரிசி ஆயிடும். சீக்கிரம் வாங்க!"

அண்டாவுக்கு அடியில் பனைமட்டையைத் தள்ளித் தள்ளி எரித்தேன். ஒரு மணி நெல்லைக்கூட வீணாகவிடவில்லை.